ட்ரோபோமி என்ஓ2-இலிருந்து நகர நாக்ஸ் உமிழ்வு: பட்டியலைவிட 40% குறைவாக வருகிறது. எங்கே பார்ப்பது?

நீள்வானம்:

வணக்கம். சமவெளியில், அக்கம்பக்கத்தில் வேறு பெரிய ஊர் இல்லாத ஒரு நகரத்தின் நாக்ஸ் (என்ஓ, என்ஓ2 என்ற நைட்ரஜன் ஆக்சைடுகள்) உமிழ்வைச் செயற்கைக்கோள் தரவிலிருந்து கணக்கிடுகிறேன். விடை, மூலங்களைக் கணக்கெடுத்துத் தொகுத்த உமிழ்வுப் பட்டியலைவிட நன்றாகக் குறைந்து நிற்கிறது. பட்டியல்தான் தவறு என்று சொல்வதற்கு முன் என்னென்ன சோதிக்க வேண்டும்?

செய்முறை இதுதான். ட்ரோபோமி என்ற செயற்கைக்கோள் கருவியின் இரண்டாம் நிலை (வாயு அளவாக மாற்றிய) என்ஓ2 கோப்புகள், பதிப்பு 2.4, இரண்டு ஆண்டுகளின் கோடை மாதங்கள் மட்டும். க்யூஏ (தர) மதிப்பு 0.75-க்கு மேல் உள்ள பிக்சல்கள். அவற்றிலும் சுழியத்துக்குக் கீழே உள்ளவை நீக்கப்பட்டவை. 0.02 பாகை கிரிட். காற்றுக்கு ஈஆர்ஏ5 என்ற வானிலை மறுபகுப்பாய்வுத் தரவு, 10 மீட்டர் உயரம், நகர மையத்தில், செயற்கைக்கோள் கடக்கும் 13:30-க்கு அருகிலுள்ள மணி. 2 மீ/வி-க்குக் குறைந்த நாட்கள் சேரவில்லை. ஒவ்வொரு நாளின் படத்தையும் நகர மையத்தைச் சுற்றித் திருப்பி, காற்று எப்போதும் ஒரே பக்கம் வீசுவதுபோல் வைத்துச் சராசரி எடுத்தேன். குறுக்குவாட்டில் இருபுறமும் 40 கி.மீ. வரை கூட்டி, காற்றுப் பாதையின் ஒவ்வொரு தொலைவுக்கும் கோட்டு அடர்த்தி (மீட்டருக்கு எத்தனை மோல்). அதன்மேல் ஈஎம்ஜி ஃபிட், அதாவது அடுக்குச் சரிவையும் காஸியன் என்ற மணி வடிவத்தையும் பிணைத்த வளைவு.

கிடைத்தவை: புகைத்தடத்தின் மொத்த என்ஓ2 1.5 × 10⁵ மோல். சரிவு நீளம் (வாயு அழிந்து குறையும் தொலைவு) 60 கி.மீ. சராசரிக் காற்று 5 மீ/வி. ஆகவே ஆயுள் 60,000 ÷ 5 = 12,000 வினாடி, ஏறக்குறைய 3.3 மணி. உமிழ்வு = 1.32 × 1.5 × 10⁵ ÷ 12,000 = 16.5 மோல்/வி (1.32 என்பது நாக்ஸுக்கும் என்ஓ2-க்கும் உள்ள விகிதம்). என்ஓ2 நிறையாக மாற்றினால் வினாடிக்கு 0.76 கிலோ, ஆண்டுக்கு 24 ஆயிரம் டன். பட்டியலில் அதே நகரத்துக்கு 40 ஆயிரம் டன் இருக்கிறது.

ஃபிட் பார்வைக்கு மிக நன்றாக இருக்கிறது, ஒட்டுறவு 0.97. அப்படியும் இவ்வளவு இடைவெளி ஏன்?

---

கெர்னல்:

ஒட்டுறவு 0.97 என்பது வளைவின் வடிவம் பொருந்துகிறது என்றுதான் சொல்லும். தூண் அடர்த்தி (ஒரு ச.மீ. தரைக்கு மேலே நிற்கும் மொத்த வாயு) முழுவதும் 30% குறைவாக இருந்தாலும் அதே 0.97 வரும். எனவே ஃபிட்டுக்குள் போகும் எண்களை முதலில் பாருங்கள்.

கருவி நேரடியாக அளப்பது சாய்வுத் தூண், அதாவது ஒளி வந்த சாய்ந்த பாதையில் உள்ள வாயு. 405 முதல் 465 நானோமீட்டர் வரையிலான ஒளியில் என்ஓ2 எவ்வளவு உறிஞ்சியிருக்கிறது என்பது அதில் நன்றாகவே கிடைக்கிறது. அதிலிருந்து அடுக்கு மண்டலப் பங்கைக் கழித்து, மிச்சத்தைக் காற்று நிறைக் காரணியால் (சாய்வுத் தூணுக்கும் செங்குத்துத் தூணுக்கும் உள்ள விகிதம்) வகுத்தால்தான் நீங்கள் பயன்படுத்தும் அடிவளித் தூண் வரும். மாசு மிகுந்த இடத்தில் பிழையின் பெரும்பங்கு இந்த வகுத்தலில்தான் இருக்கிறது.

காரணம் இது. தரைக்கு அருகே உள்ள என்ஓ2-ஐச் செயற்கைக்கோள் குறைவாகவே உணரும். மேலே போகப்போக உணர்திறன் கூடும். ஆகவே வாயு எந்த உயரத்தில் எவ்வளவு இருக்கிறது என்று முன்கூட்டியே ஒரு வடிவம் கொடுக்க வேண்டும். வழக்கமான ட்ரோபோமி கோப்பில் அந்த வடிவம் டிஎம்5 என்ற உலகளாவிய வேதியியல் மாதிரியிலிருந்து வருகிறது. அதன் கிரிட் 1 பாகை, நடுக்கோட்டில் 100 கி.மீ.-க்கு மேல். 30 கி.மீ. அகல நகரம் அந்தப் பெட்டிக்குள் வயல்வெளியோடு கலந்து கரைந்துவிடும். விளைவாக நகரத்தின்மேலும் நாட்டுப்புறத்து உயர வடிவமே பயன்படுகிறது. தரையோரம் இருக்கும் பங்கு குறைத்து மதிப்பிடப்பட்டு, காரணி பெரிதாகி, தூண் சிறிதாகிறது. நகர மையத்தில் இதைத் திருத்தும்போது 10 முதல் 40% வரை கூடுவது சாதாரணம்.

திருத்துவதற்கு வேண்டிய கெர்னலும் (ஒவ்வோர் உயர அடுக்கிலும் கருவியின் உணர்திறன்) காரணிகளும் கோப்பிலேயே இருக்கின்றன; உயர வடிவம் மட்டும் வெளியிலிருந்து வேண்டும். 5 முதல் 10 கி.மீ. கிரிட்டில் ஓடிய ஒரு வட்டார மாதிரியின் என்ஓ2 உயர வடிவத்தை எடுங்கள். பிறகு (பகுதித் தூண் என்பது ஒரே அடுக்கில் உள்ள வாயு):

புதிய காரணி = பழைய அடிவளிக் காரணி × (ஒவ்வோர் அடுக்கிலும் கெர்னல் × மாதிரியின் பகுதித் தூண், கூட்டல்) ÷ (பகுதித் தூண்களின் கூட்டல்)
புதிய தூண் = பழைய தூண் × பழைய காரணி ÷ புதிய காரணி

இதில் இடறும் இடங்கள் மூன்று. கோப்பில் உள்ள கெர்னல் முழு வளிமண்டலத்துக்கானது. மொத்தக் காரணியை அடிவளிக் காரணியால் வகுத்து வரும் எண்ணால் அதைப் பெருக்கினால்தான் அடிவளிக் கெர்னல் கிடைக்கும். டிராப்போபாஸ் (அடிவளியின் மேல் எல்லை) அடுக்கு எண்ணுக்கு மேலே உள்ளவற்றைச் சுழியமாக்க வேண்டும். அடுத்து, கூட்ட வேண்டியது பகுதித் தூணை, கலவை விகிதத்தை அல்ல. விகிதத்தை அப்படியே போட்டால் நிரல் எந்தப் பிழையும் காட்டாமல் ஓடும், விடை மட்டும் தவறாக வரும். மூன்றாவது, மாதிரியின் அழுத்த அடுக்குகளை டிஎம்5-இன் 34 அடுக்குகளுக்கு மாற்றும்போது நிறை மாறக் கூடாது. மாற்றுவதற்கு முன்னும் பின்னும் மொத்தத் தூணைக் கூட்டிப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும்.

சுழியத்துக்குக் கீழான பிக்சல்களை நீக்கியிருக்கிறீர்கள். அவற்றைத் திரும்பச் சேருங்கள். ஒரு பிக்சலின் சாய்வுத் தூண் இரைச்சல் ச.மீ.-க்கு 10 மைக்ரோமோல் அளவுக்கு இருக்கும். சுத்தமான இடத்தில் உண்மை மதிப்பும் அதே அளவில்தான் இருக்கும் என்பதால் சில பிக்சல்கள் எதிர்மறையாக வருவது இயல்பு. கீழ்ப்பக்கத்தை மட்டும் வெட்டினால் பின்னணி உயர்கிறது, நகரத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வேறுபாடு சுருங்குகிறது, புகைத்தடத்தின் வால் பகுதி உருமாறுகிறது.

பதிப்பு 2.4 மட்டும் எடுத்தது சரி. 1.2, 1.3 பதிப்புகளை மேக்ஸ்-டோஆஸ் என்ற தரைக் கருவிகளோடு ஒப்பிட்டபோது, மாசு மிகுந்த இடங்களில் பாதி அளவுக்குக் கூடக் குறைவு தெரிந்தது. 2020 இறுதியில் வந்த 1.4-இல் மேக அழுத்தக் கணக்கு மாறியதும் தூண் கூடியது. பதிப்புகளைக் கலந்து போக்கு பார்த்தால் அந்த மாற்றமே உமிழ்வு உயர்வு போலத் தெரியும். 2018 ஏப்ரல் இறுதியிலிருந்து 2.4-இல் மறுசெயலாக்கம் செய்த தொகுப்பு இருக்கிறது. அதை மட்டும் எடுங்கள்.

---

காற்றுமானி:

கெர்னல் சொன்னது தூண் பக்கம். என் கண்ணுக்கு முதலில் பட்டது காத்து.

10 மீட்டர் காத்தை எடுக்காதீங்க. மதியம் ஒன்றரை மணிக்கு, கோடையில், எல்லை அடுக்கு (தரைச் சூட்டில் கலந்து புரள்ற கீழ்க் காத்து) ஒன்றிலிருந்து இரண்டு கி.மீ. உயரம் வரைக்கும் போயிருக்கும். நாக்ஸ் அது முழுக்கக் கலந்து நகருது. தரையோட உராய்ஞ்சு மெதுவாப் போற காத்து அந்தப் புகைத்தடத்தைத் தள்ளல. உங்க சூத்திரத்தில் உமிழ்வு = மொத்தம் × காற்று ÷ சரிவு நீளம். சரிவு நீளம் படத்திலிருந்து வருது, அது மாறாது. அப்போ காத்தில் 30% குறைச்சல்னா உமிழ்வில் நேரா 30% குறைச்சல். ஈஆர்ஏ5-இன் அழுத்தத் தளக் காத்தை எடுத்து, எல்லை அடுக்கு உயரம் வரைக்கும், மாதிரியின் என்ஓ2 அளவால் எடையிட்டுச் சராசரி போடுங்க. அது முடியலைன்னா 100 மீட்டர் காத்தாவது எடுங்க, ஒற்றைத் தளத் தொகுப்பிலேயே கிடைக்கும். பக்கத்தில் ரேடியோசாண்ட் (பலூனில் ஏத்தி மேல்காத்தை அளக்கிற கருவி) நிலையம் இருந்தா அதோட ஒப்பிட்டு ஈஆர்ஏ5 எந்தப் பக்கம் சாயுதுன்னு பாருங்க.

காத்து சரியான்னு தரவே சொல்ற ஒரு சோதனை இருக்கு. நாட்களைக் காத்து வேகத்தால் பிரிங்க: 3–5, 5–7, 7–9 மீ/வி. ஒவ்வொரு கூட்டத்துக்கும் தனி ஃபிட். சரிவு நீளம் வேகத்தோட ஏறணும், மொத்த என்ஓ2 குறையணும், உமிழ்வு மூணிலும் ஏறத்தாழ ஒண்ணாவே இருக்கணும். வேகத்தோட உமிழ்வும் ஏறிக்கிட்டே போச்சுன்னா காத்து உயரமோ, குறுக்கு அகலமோ, பின்னணியோ ஏதோ ஒண்ணு தப்பு. காத்து மாறினா நகரம் கூடுதலாப் புகை விடாது. 2 மீ/வி கீழ்வரம்பை 3 ஆக்குங்க. மெதுவான நாட்களில் காத்தின் திசையே நம்பகமில்ல, புகை வளைஞ்சு வளைஞ்சு போகும், திருப்பி அடுக்கினா தடம் பரவிடும்.

குறுக்கு அகலம் 40 கி.மீ.-னு சொல்றீங்க. நகரத்துக்கு மேலே அது போதும். 150 கி.மீ. தள்ளி தடம் அகண்டிருக்கும், திசைப் பிழையும் சேர்ந்திருக்கும். வாயு பெட்டியின் பக்கச் சுவர் வழியா வெளியே போயிடும். ஃபிட்டுக்கு அது தெரியாது, வேதிவினையில் அழிஞ்சதுன்னு எடுத்துக்கும். ஆயுள் குறைவா வரும். 40, 60, 80-னு மாத்தி ஓட்டிப் பாருங்க. எங்கே விடை நிலைக்குதோ அது உங்க அகலம். 80-இல் திடீர்னு பின்னணி ஏறினா வேறே மூலம் உள்ளே வந்துடுச்சு.

இன்னொண்ணு: காஸியன் அகலம் எவ்வளவு வந்தது? சரிவு நீளம் அதைவிடப் பெரிசா இருந்தாதான் ஆயுளை நம்பலாம். ரெண்டும் பக்கம் பக்கமா இருந்தா ஃபிட் ஒண்ணைக் கூட்டி இன்னொண்ணைக் குறைச்சு அதே வளைவைத் தரும்.

---

நீள்வானம்:

இருவருக்கும் நன்றி. திருத்தங்களுக்குப் பிறகு நிலைமை இது. எதிர்மறைப் பிக்சல்கள் சேர்க்கப்பட்டன. எல்லை அடுக்குச் சராசரிக் காற்று 6.5 மீ/வி, அதாவது 10 மீட்டர் காற்றைவிட 30% அதிகம். குறுக்கு அகலம் 60 கி.மீ.-இல் நிலைக்கிறது. காஸியன் அகலம் 22 கி.மீ. 9 கி.மீ. கிரிட்டில், டபிள்யூஆர்எஃப்-கெம் என்ற வட்டார வேதியியல் மாதிரி ஓட்டத்தின் உயர வடிவத்தைப் போட்டபின், மறு ஃபிட்டில் மொத்த என்ஓ2 25% கூடியது. சரிவு நீளம் 60 கி.மீ.-ஐ ஒட்டியே இருக்கிறது.

24 × 1.3 × 1.25 = 39 ஆயிரம் டன். பட்டியலின் 40-உடன் பொருந்திவிட்டது. இதோடு நிறுத்தலாமா?

மேலும் ஒன்று. நகர மையத்திலிருந்து தென்மேற்கே 35 கி.மீ.-இல் ஒரு நிலக்கரி அனல்மின் நிலையம் உண்டு. அதைத் தனியாகப் பிரிக்க முடியுமா?

---

கெர்னல்:

நிறுத்த வேண்டாம். 39-ம் 40-ம் ஒரே பொருளைக் குறிக்கும் எண்கள் அல்ல.

உங்கள் 39 என்பது மதியத்துக்கு முந்தைய சில மணி நேரத்தின் உமிழ்வு வீதம். மேகமில்லாத, காற்று வீசிய, கோடை நாட்களில் மட்டும் எடுத்தது. அதை 365 நாளால் பெருக்கி ஆண்டு என்று எழுதியிருக்கிறீர்கள். பட்டியலின் 40 என்பது இரவு, பகல், எல்லாப் பருவங்களும் சேர்ந்த ஆண்டுக் கூட்டல். நகரத்தில் போக்குவரத்து முக்கியப் பங்கு என்றால் பகல் வீதம் நாள் சராசரியைவிட உயர்ந்தே இருக்கும். உங்கள் பட்டியலுக்கான மணிவாரிக் காரணிகளை (ஒவ்வொரு மணியின் உமிழ்வும் சராசரியைப்போல் எத்தனை மடங்கு என்பது) எடுத்து, காலை 9 முதல் மதியம் 1 வரை, ஆயுள் 3 மணிக்கு ஏற்ற சரிவு எடையோடு சராசரி போடுங்கள். அது 1.3 என்று வந்தால் உங்கள் விடை 39 ÷ 1.3 = 30. மீண்டும் 25% இடைவெளி. 39-இல் நின்றிருந்தால் இது தெரிந்தே இருக்காது. எதிர்பார்த்த எண் வந்ததும் திருத்தத்தை நிறுத்துவது இந்தத் துறையில் பெரிய ஆபத்து. ஒவ்வொரு திருத்தமும் அதனதன் காரணத்துக்காகத் தேவையா என்று மட்டும் பார்க்க வேண்டும். திசையை மாற்றி ஒப்பிடுவது இன்னும் சுத்தம்: உங்கள் விடையை ஆண்டாக்காமல், பட்டியலைக் கோடைப் பகல் வீதமாக்கி, வினாடிக்கு எத்தனை கிலோ என்று இரண்டையும் வையுங்கள்.

பரப்பும் ஒன்றாக வேண்டும். ஈஎம்ஜியின் மொத்த அளவு நகராட்சி எல்லையை அறியாது. மையத்தைச் சுற்றி காஸியன் அகலத்துக்குள் இருக்கும் அத்தனையும் அதில் சேரும். அகலம் 22 கி.மீ. என்றால், பட்டியலின் கிரிட் பெட்டிகளையும் 22 கி.மீ. காஸியன் எடையோடு பாருங்கள். எட்கர் போன்ற உலகளாவிய பட்டியல்கள் 0.1 பாகை கிரிட்டில் வருகின்றன. ஆனால் நாட்டு மொத்தத்தை மக்கள்தொகை, சாலை போன்ற பதிலிகளால் பிரித்துப் போட்டவை அவை. நாட்டு மொத்தம் சரியாக இருந்து, உங்கள் நகரத்தின் பங்கு மட்டும் தவறாக இருக்க முழு வாய்ப்பு உண்டு.

அலகு: நாக்ஸை என்ஓ2 நிறையாகச் சொல்வது வழக்கம், நீங்களும் 46 கிராமால் பெருக்கியிருக்கிறீர்கள். மாதிரிகளின் உள்ளீட்டுக் கோப்புகளில் என்ஓ நிறையாக இருப்பதும் உண்டு. அங்கே மோலுக்கு 30 கிராம். இரண்டுக்கும் விகிதம் 1.53. விளக்கமில்லாத 50% இடைவெளி எங்காவது வந்தால் முதலில் இதைப் பாருங்கள்.

1.32 என்ற எண்ணையும் அப்படியே விடாதீர்கள். நாக்ஸுக்கும் என்ஓ2-க்கும் உள்ள அந்த விகிதம், நல்ல வெயிலில், நகர நிலைமைகளில், மதியத்துக்குச் சொல்லப்படும் சராசரி. 2011-இல் சயின்ஸ் இதழில் ரியாத் போன்ற நகரங்களுக்கு இந்த முறை வந்தபோதிலிருந்து அதே எண் கைமாறி வருகிறது. உங்களிடம் டபிள்யூஆர்எஃப்-கெம் ஓட்டம் இருக்கிறதே, கடக்கும் நேரத்தில் புகைத்தடப் பகுதியின் நாக்ஸ் தூணை என்ஓ2 தூணால் வகுத்து எடுங்கள்.

இனி பிழை மதிப்பு. தூணில் 30%, சரிவு நீளத்தில் 25%, காற்றில் 20%, விகிதத்தில் 10% என்று வைத்தால், வர்க்கங்கள் 900 + 625 + 400 + 100 = 2025. வர்க்கமூலம் 45%. 25% இடைவெளியை வைத்துப் பட்டியல் தவறு என்று எழுத முடியாது. ஆண்டுக்கு ஆண்டு மாற்றம் என்றால் நிலைமை மேல்: தூணின் ஒருதிசைப் பிழையும் விகிதத்தின் பிழையும் இரு ஆண்டுக்கும் பொது, வகுக்கும்போது பெரும்பாலும் நீங்கிவிடும்.

---

சரிவுவரை:

மின் நிலையத்துக்கு ஈஎம்ஜி வேண்டாம், பாய்வு விரிவு முறைக்கு வாருங்கள். அடிப்படை எளிது: ஒரு பெட்டிக்குள் வரும் நாக்ஸைவிட வெளியே போவது கூடுதலாக இருந்தால், அந்த வேறுபாட்டோடு உள்ளே அழிந்ததையும் சேர்த்தால், அதுதான் அங்கே உமிழ்ந்தது.

உமிழ்வு = பாய்வின் விரிவு + (நாக்ஸ் தூண் ÷ ஆயுள்)

பாய்வு என்பது தூண் × காற்று, கிழக்கு-மேற்குக்கும் வடக்கு-தெற்குக்கும் தனித்தனியாக. புகைபோக்கி போன்ற புள்ளி மூலங்கள் விரிவு வரைபடத்தில் கூர்மையான முகடாக எழும். நகரத்தின் பரந்த உமிழ்வின்மேலும் அவை தெரியும். 2019-இல் இந்த முறை வந்தபோது சொன்ன கண்டறியும் எல்லை வினாடிக்கு 0.11 கிலோ, மிகச் சாதகமான இடங்களில் 0.03 கிலோ. பெரிய நிலக்கரி நிலையம் இதற்கு மேலேதான் இருக்கும்.

செய்யும்போது கவனிக்க வேண்டியவை. விரிவைச் சராசரிப் பாய்விலிருந்து எடுக்காமல் நாள்தோறும் எடுத்து, பிறகு சராசரியாக்குங்கள். மேகத்தால் ஒரு பெட்டிக்கு 60 நாளும் பக்கத்துப் பெட்டிக்கு வேறு 45 நாளும் கிடைத்திருந்தால், சராசரிகளின் வித்தியாசத்தில் பொய் மூலங்கள் முளைக்கும். நாள்தோறும் எடுக்கும்போது, வித்தியாசத்துக்குத் தேவையான எல்லா அண்டைப் பெட்டிகளும் அன்று இருந்தால்தான் அந்த நாள் கணக்கில் சேர வேண்டும்.

காற்றுக்கும் விரிவு உண்டு. ஈஆர்ஏ5-இன் கிரிட் சுமார் 30 கி.மீ.; மலைச்சரிவு, நீர்நிலை ஓரங்களில் அதன் கிடைக்காற்று விரிகிற இடமெல்லாம், பின்னணித் தூண் அதோடு பெருகி, உமிழ்வே இல்லாத இடத்தில் உமிழ்வு காட்டும். பாய்வின் விரிவை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள்: காற்று × தூண் இடத்துக்கு இடம் மாறும் வீதம் ஒன்று, தூண் × காற்றின் விரிவு மற்றொன்று. உங்கள் முகடு முதல் பகுதியில் இருந்தால் நம்பலாம். இரண்டாவதில் மட்டும் இருந்தால் அது காற்றின் வேலை. உங்களுடையது சமவெளி என்பதால் இது பெரிதாகத் தொல்லை தராது.

புகைபோக்கிக்கு அருகே 1.32 செல்லாது. அங்கே வெளிவருவது பெரும்பாலும் என்ஓ. ஓசோனோடு சேர்ந்து என்ஓ2 ஆக வேண்டும். அடர்ந்த புகையில் ஓசோன் தீர்ந்துவிடும், வெளிக்காற்று கலக்கக் கலக்கத்தான் மாற்றம் நடக்கும். முதல் சில கி.மீ.-இல் செயற்கைக்கோள் பார்ப்பது மொத்த நாக்ஸின் சிறு பங்கு. முகட்டை மட்டும் படித்து 1.32-ஆல் பெருக்கினால் நிலையத்தின் உமிழ்வு குறைவாக வரும். முகட்டைச் சுற்றி 15 முதல் 20 கி.மீ. வட்டத்துக்குள் கூட்டுங்கள்.

உயர வடிவத் திருத்தமும் இங்கே வேறு. நகரப் புகை தரையில் தொடங்குகிறது. புகைபோக்கிப் புகை சூட்டினால் சில நூறு மீட்டர் மேலேறித்தான் படுக்கையாகிறது. நகரத்துக்குச் செய்த 25% திருத்தத்தை நிலையத்துக்கு அப்படியே பயன்படுத்தக் கூடாது.

நிலையம் தென்மேற்கில் இருப்பதால் உங்கள் ஈஎம்ஜியையும் அது கெடுக்கிறது. தென்மேற்குக் காற்று நாட்களில் அதன் புகை நகரத்தின்மேல் ஏறி மொத்தத்தைக் கூட்டும். வடகிழக்குக் காற்று நாட்களில் அது நகரப் புகைத்தடத்தின் நடுவே புதிதாகச் சேர்ந்து சரிவை நீட்டும். அந்த இரண்டு திசைகளையும் விட்டுவிட்டு, காற்று குறுக்காக வீசும் வடமேற்கு, தென்கிழக்கு நாட்களை மட்டும் எடுத்து மறு ஃபிட் செய்யுங்கள். 60 கி.மீ. குறுக்கு அகலத்துக்குள் நிலையம் விழுகிறது என்பதையும் பாருங்கள். அந்தப் பக்கம் மட்டும் அகலத்தை 25 கி.மீ.-க்குக் குறைக்க வேண்டியிருக்கும். அப்படிக் குறைத்தால் காற்றுமானி சொன்ன பக்கச் சுவர்க் கசிவு கூடும். அதனால் தொலைவில் 100 கி.மீ.-க்கு மேல் ஃபிட்டை நீட்டாதீர்கள்.

---

தலைகீழ்:

டபிள்யூஆர்எஃப்-கெம் ஓட்டம் கையில் இருக்கிறது என்றால் இரண்டு வேலைகளுக்கு அதைப் பயன்படுத்தலாம். உயர வடிவம் எடுப்பதோடு விட்டுவிட வேண்டாம்.

முதல் வேலை, மூடிய வட்டச் சோதனை. மாதிரிக்குள் எவ்வளவு உமிழ்வு போட்டீர்கள் என்பது உங்களுக்குத் தெரியும். மாதிரியின் என்ஓ2 தூணைக் கடக்கும் மணியில் எடுத்து, அன்றைய ட்ரோபோமி பிக்சல்களின்மேல் சராசரியாக்கி, மேகத்தால் விழுந்த பிக்சல்களை அங்கேயும் விழவிட்டு, கெர்னலைப் பிரயோகித்து, ச.மீ.-க்கு 10 மைக்ரோமோல் அளவு இரைச்சலும் கூட்டி, ஒரு போலிச் செயற்கைக்கோள் தரவு செய்யுங்கள். அதே நிரலில், அதே திருப்பலோடு, அதே ஈஎம்ஜி. காற்றுக்கு மாதிரியின் காற்றை எடுக்காமல் ஈஆர்ஏ5-ஐயே எடுங்கள், அப்போதுதான் காற்றுப் பிழையும் சோதனைக்குள் வரும். போட்ட உமிழ்வு திரும்ப வருகிறதா? 100 போட்டு 80 வந்தால் உங்கள் முறையே 20% குறைத்துக் காட்டுகிறது. உண்மைத் தரவுக்கும் அந்த அளவு எதிர்பார்க்கலாம். மாதிரிக்குள் மின் நிலையத்தை அணைத்து ஒருமுறை ஓட்டினால் மேலே சரிவுவரை சொன்ன கலப்பின் அளவும் எண்ணாகக் கிடைக்கும். ஃபிட்டின் ஒட்டுறவு சொல்லாத எல்லாவற்றையும் இந்தச் சோதனை சொல்லும். எந்த நகரத்துக்குச் செய்தாலும் முதலில் இதைச் செய்துவிட்டுத்தான் உண்மைத் தரவைத் தொட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இரண்டாவது வேலை, மாதிரியைக் கொண்டே உமிழ்வைத் திருத்துவது. எளிய வடிவம்: உமிழ்வின் சதவீத மாற்றம் = பீட்டா × தூணின் சதவீத வேறுபாடு. பீட்டாவை எடுக்க மாதிரியை உமிழ்வு 15 அல்லது 20% கூட்டி இன்னொருமுறை ஓட்டுங்கள். தூண் எத்தனை சதவீதம் கூடுகிறது என்று பார்த்து, உமிழ்வு மாற்றத்தை அதால் வகுங்கள். பீட்டா 1 என்று வைத்துக்கொள்வது தவறு. நாக்ஸ் மிகுந்த நகர மையத்தில் கூடுதல் நாக்ஸ், தன்னை அழிக்கும் ஓஎச் (ஹைட்ராக்சில்) மூலக்கூறுகளைத் தின்றுவிடும், ஆயுள் நீளும், உமிழ்வு 20% கூடினால் தூண் அதைவிட அதிகமாகக் கூடும், பீட்டா 1-க்குக் கீழே. நாட்டுப்புறத்தில் இதற்கு நேர்மாறு: கூடுதல் நாக்ஸ் ஓஎச்-ஐப் பெருக்கி ஆயுளைக் குறைக்கும், தூணின் ஒரு பங்கு மின்னல், மண், தொலைவுப் பின்னணி என்று நகர உமிழ்வுக்குச் சம்பந்தமில்லாமல் இருக்கும், பீட்டா 1-க்கு மேலே. ஒருமுறை திருத்தியதும் ஆயுள் மாறிவிடுவதால், திருத்திய உமிழ்வோடு மறுபடி ஓட்டி, வேறுபாடு சில சதவீதத்துக்குள் வரும்வரை தொடர வேண்டும்.

ஒரே கிரிட் பெட்டியின் தூணுக்கு அதே பெட்டியின் உமிழ்வுதான் காரணம் என்ற அனுமானம் இதில் ஒளிந்திருக்கிறது. சரிவு நீளம் 60 கி.மீ. என்றால் வாயு அழிவதற்குள் அவ்வளவு தொலைவு போய்விடும். 9 கி.மீ. பெட்டியில் அந்த அனுமானம் நிற்காது. எனவே பெட்டிவாரியாக இதைச் செய்யாமல் நகரம் முழுவதையும் ஒரே அலகாக வையுங்கள், அல்லது 4டி-வார், குழும கால்மன் வடிகட்டி போன்ற முழுமையான தலைகீழ் முறைக்கு (தூணிலிருந்து உமிழ்வை மாதிரி வழியே பின்னோக்கிக் கணக்கிடுவது) போங்கள்.

முழு முறைக்குப் போனால் அவதானிப்புப் பிழை அணியில் (பிக்சல்களின் பிழைகளும் அவற்றுக்கிடையேயான தொடர்பும் அடங்கிய அட்டவணை) கவனம். ஒரு நாளில் நகரத்தின்மேல் 50 பிக்சல் இருந்தால், அவற்றின் காற்று நிறைக் காரணிப் பிழை ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதது அல்ல. ஒரே டிஎம்5 பெட்டி, ஒரே தூசிப் படலம், ஒத்த தரைப் பிரதிபலிப்பு. தொடர்பே இல்லை என்று வைக்கும் மூலைவிட்ட அணி போட்டால் 30% பிழை 50-இன் வர்க்கமூலத்தால் வகுபட்டு 4% ஆகிவிடும். திருத்திய உமிழ்வுக்கு நம்ப முடியாத துல்லியம் காட்டும். பட்டியலின் தகவலை முழுதும் தள்ளிவிடும். பிக்சல்களைத் தொகுத்து ஒரே உயர் அவதானிப்பாக்கி, இரைச்சலை மட்டும் எண்ணிக்கையால் குறைத்து, காரணிப் பிழையை அப்படியே விடுங்கள்.

---

நீள்வானம்:

மூடிய வட்டச் சோதனையிலிருந்து தொடங்குகிறேன். அதற்கு முன் ஒரே ஒரு கேள்வி: மணிவாரிக் காரணி 1.3 என்பதைச் செயற்கைக்கோளிலிருந்தே சரிபார்க்க வழி உண்டா? ட்ரோபோமி ஒரு நாளில் ஒருமுறைதானே கடக்கிறது.

---

தலைகீழ்:

ட்ரோபோமியில் முடியாது. நகரம் புவிநிலைக் கருவிகளின் (ஒரே இடத்துக்கு மேலே நிற்கும் செயற்கைக்கோள்களில் உள்ளவை) பார்வைக்குள் இருந்தால் முடியும்: ஆசியாவுக்கு 2020-இல் ஏவிய ஜெம்ஸ், வட அமெரிக்காவுக்கு 2023-இல் ஏவிய டெம்போ, ஐரோப்பாவுக்கு 2025-இல் ஏவிய சென்டினல்-4. இவை பகலில் ஏறத்தாழ மணிக்கொருமுறை பார்க்கின்றன. ஆனால் மணிவாரித் தூணை நேரடியாக மணிவாரி உமிழ்வாகப் படிக்க வேண்டாம். காலையில் எல்லை அடுக்கு தாழ்ந்திருக்கும், ஓஎச் குறைவு, ஆயுள் நீளம், முந்தைய இரவின் மிச்சமும் நகரத்தின்மேல் இருக்கும். உமிழ்வு மாறாமலே தூண் மாறும். ஒவ்வொரு மணிக்கும் பாய்வு விரிவு எடுத்து, தூண் ஒரு மணியிலிருந்து அடுத்த மணிக்கு எவ்வளவு மாறியது என்பதையும் சமன்பாட்டில் சேர்க்க வேண்டும். உயர வடிவத் திருத்தம் மணிக்கு மணி தனியாக வேண்டும். காலையில் அது மதியத்தைவிடப் பெரிது. இரவுக்கு எந்தக் கருவியும் உதவாது. அந்தப் பங்குக்கு மின் உற்பத்தியின் மணிவாரிப் பதிவு, சாலை வாகன எண்ணிக்கைக் கருவிகள் போன்ற தரைத் தரவுதான் எடுக்க வேண்டும்.